மலிவு விலையும் மறைந்த விலையும்

சென்ற மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து பேசினார். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்தவர். நூல் விலை ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை என்றார். கைத்தறியின் கரையையும் புட்டாவையும் அப்படியே படியெடுத்து விசைத்தறியில் ஓட்டிப் பாதி விலைக்கு விற்பதால், நமது சேலைகள் சங்கத்தின் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன என்றார். கூடியிருந்தோர் யாவரும் கை தட்டினர். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, அவருடைய மிதிவண்டியின் கைப்பிடியில் ஒரு பெரிய பை தொங்கக் கண்டோம். நமது தாலுகாத் தலைநகரில் அண்மையில் திறக்கப்பெற்ற பெரிய மலிவு விலை அங்காடியின் பெயர் அப்பையில் அச்சிடப்பட்டிருந்தது. பையின் வாயில் ஒரு சேலை தெரிந்தது. கரை போட்ட விசைத்தறிச் சேலை.

அதைக் கண்டு நகைக்க நமக்கு உரிமை இல்லை. அதே பெயர் அச்சிட்ட பை நமது வீட்டுச் சமையலறையின் ஆணியிலும் தொங்குகிறது. எனினும், மனம் பொறாமல் அவரைக் கேட்டுவிட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. “மகளுக்கு வளைகாப்பு, ஐயா. நான் நெய்கிற சேலையை நான் வாங்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்” என்றார். நம்மிடம் அப்போது மறுமொழி இல்லை. வீடு திரும்பிய பின்னும் அவ்வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

நாட்டுப்புறத்தில் வாழ்ந்து, கூட்டுறவை நம்பிப் பிழைக்கும் நாம், பெரிய மலிவு விலை அங்காடிகளில் பொருள் வாங்குவது முறையா? இதனை வெறும் சிக்கனக் கணக்காக எண்ணுவோரும் உண்டு. அங்கே காலடி வைப்பதே துரோகம் என்று பேசுவோரும் உண்டு. இருசாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே நமது கருத்து.

மலிவு குற்றமன்று

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மலிவாக வாங்க விரும்புவது பாவமன்று. மாதக் கடைசியில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் விரல் விட்டு எண்ணும் குடும்பத் தலைவிக்கு, பத்து ரூபாய் மிச்சமாகுமானால் அது ஒரு வேளைப் பால். அதன் எதிரே எவ்வளவு உயர்ந்த உபதேசமும் நிற்காது.

மேலும், பெரிய அங்காடி வருவதற்கு முன்பு நமது கடைவீதி தருமத்தின் இருப்பிடமாக விளங்கியது என்று சொல்வதும் உண்மையாகாது. எடையில் குறைவு, பருப்பில் கல், மிளகாய்த் தூளில் கலப்படம், கடனுக்கு வாங்குவோரிடம் கூடுதல் விலை ஆகியவற்றை நாம் அனைவரும் அனுபவித்திருக்கிறோம். பெரிய அங்காடியில் விலை அச்சிடப்பட்டிருக்கிறது. கேட்காமலே ரசீது தருகிறார்கள். இன்னார் வீட்டுப் பெண், இன்ன தெருக்காரர் என்ற விசாரணை இல்லாமல் எவரும் உள்ளே சென்று பொருளைத் தம் கையாலேயே எடுத்துப் பார்க்கலாம். கடையின் வாசலில் ஒதுங்கி நின்று பொருள் வாங்கிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

கூட்டுறவு இயக்கமே இத்தகைய குறைகளிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் கூடி ஒரு கடையைத் தொடங்கினர். அவர்களுள் பலர் நம்மைப் போன்ற நெசவாளர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில பொருள்களே அவர்களது முதற் சரக்கு. கலப்படமற்ற பொருள், சரியான எடை, ரொக்க விற்பனை ஆகியவை அவர்களது விதிகள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊர் விலையைக் காட்டிலும் குறைத்து விற்கவில்லை. ஊர் விலைக்கே விற்றார்கள்; கணக்கு முடிக்கும்போது மிஞ்சிய தொகையை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். கொடுத்த பணம் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வியை அந்நெசவாளர்கள் கேட்டார்கள். நாமும் அதே கேள்வியைத்தான் கேட்க விரும்புகிறோம்.

மலிவு இரு வகை

ஒரு பொருள் மலிவாகக் கிடைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி திறமை. மொத்தமாக வாங்குதல், வீண் சேதத்தைக் குறைத்தல், இடைத்தரகைத் தவிர்த்தல், வண்டிச் செலவைச் சுருக்குதல், குறைந்த இலாபத்தில் நிறைய விற்றல் ஆகியவை இதில் அடங்கும். 1962ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ராஜர்ஸ் என்னும் சிறிய ஊரில் சாம் வால்ட்டன் என்பவர் தமது முதல் வால்மார்ட் கடையைத் திறந்தபோது, இம்முறைகளையே பெரிதும் கையாண்டார். மற்றப் பெரிய நிறுவனங்கள் இலாபம் வாராது என்று ஒதுக்கிய சிற்றூர்களை அவர் தேடிச் சென்றார். பெருங்கிடங்கு ஒன்றைக் கட்டி, அதிலிருந்து எளிதில் சரக்கு அனுப்பக்கூடிய தொலைவில் கடைகளை வரிசையாக அமைத்தார். நாட்டுப்புறத்து மக்கள் நகரத்து விலைக்குப் பொருள் பெற்றனர். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனமாக அது வளர்ந்திருக்கிறது. இந்தத் திறமையை நாம் பழிக்க வேண்டியதில்லை, கற்றுக்கொள்ள வேண்டும். கூட்டுறவுப் பண்டகசாலை செய்ய நினைப்பதும் இதுவேயன்றோ!

இரண்டாவது வழி, சுமையை மாற்றி வைத்தல். விலைச் சீட்டில் குறைந்த பத்து ரூபாயை வேறு யாரோ ஒருவர் செலுத்துகிறார். சரக்கு தருபவரிடம், ‘இந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லையேல் வேறிடம் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நெருக்குவதும், ஐந்து பேர் செய்ய வேண்டிய வேலையை இருவரிடம் வாங்குவதும், தொலைவில் உள்ள தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று கேளாதிருப்பதும் இவ்வழியின் கிளைகள்.

இந்த அபாயத்தை அமெரிக்க நாட்டினர் முன்பே உணர்ந்தனர். 1936ஆம் ஆண்டு அவர்கள் இயற்றிய ராபின்சன்–பாட்மன் சட்டத்தின் சாரம் இதுதான்: ஒரே பொருளைப் பெரிய தொடர்கடைக்கு ஒரு விலைக்கும் சிறு கடைக்கு அதிக விலைக்கும் விற்றுப் போட்டியைக் கெடுக்கலாகாது. 1980களுக்குப் பிறகு அரசாங்கம் அச்சட்டத்தை ஏறக்குறைய மறந்தே போயிற்று. பல ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில்தான் அந்நாட்டு வாணிப ஆணையம் அதன்கீழ் மீண்டும் வழக்குத் தொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் மூடிய சிறு கடைகளை எந்த வழக்கும் திறக்கப் போவதில்லை.

தொழிற்சாலையின் பக்கம் என்ன நிகழக்கூடும் என்பதற்கு, நெசவுத் தொழிலைச் சேர்ந்த நமக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்காள தேசத்துச் சாவார் நகரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் சரிந்து 1,100க்கும் அதிகமான தொழிலாளர் மாண்டனர். மேல்நாட்டுக் கடைகளுக்காக மலிவான ஆடை தைத்தவர்கள் அவர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், மறுநாள் வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டனர். குறித்த நாளில் குறித்த விலைக்குச் சரக்கு போய்ச் சேரவேண்டும் என்ற நெருக்குதல், கடையின் விலைச் சீட்டிலிருந்தே புறப்படுகிறது.

அமெரிக்க நாட்டுப்புறத்தின் அனுபவம்

இத்தகைய அங்காடிகளுடன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட அமெரிக்கச் சிற்றூர்களின் கதையை நாம் அறிந்துகொள்வது நன்று. நமக்கு வரவிருப்பது அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது.

வேளாண்மை மிகுந்த ஐயோவா மாநிலத்தில், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ஸ்டோன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1980களின் இறுதியிலிருந்து இதனை ஆராய்ந்தார். அவர் கண்டது ஒருதலையான முடிவன்று. பெரிய அங்காடி அமைந்த ஊருக்குச் சுற்றுப்புறத்திலிருந்து மக்கள் வந்தனர்; அதனால் அவ்வூரில் உணவு விடுதிகளும் அங்காடியில் கிடைக்காத சரக்கை விற்ற கடைகளும் பயன் பெற்றன. அதே சரக்கை விற்றவர்கள் நலிந்தனர். அங்காடி இல்லாத அண்டை ஊர்களோ இருந்த வாணிபத்தையும் இழந்தன. தாலுகாத் தலைநகரின் வெளிச்சம், சுற்றியுள்ள பத்துக் கிராமங்களின் விளக்கெண்ணெயில் எரிகிறது என்று இதனை நாம் சொல்லலாம்.

வேலை வாய்ப்பைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. எமெக் பாஸ்கர் என்ற பொருளாதார அறிஞர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மாவட்டத்தில் வால்மார்ட் திறந்த முதல் ஆண்டில் சில்லறை வணிகத்தில் ஏறக்குறைய 100 வேலைகள் கூடின. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மற்றக் கடைகள் சுருங்கியும் மூடியும் போனதால், அவற்றுள் ஏறத்தாழப் பாதி மறைந்துவிட்டன. வேலையே வரவில்லை என்பதும் பிழை. வந்த வேலையெல்லாம் நின்றது என்பதும் பிழை.

நம் மனத்தைத் தொட்டது ஓரியண்டல் என்னும் சிற்றூரின் கதை. வட கரோலினா மாநிலத்தில், ஏறக்குறைய 900 பேர் வாழும் ஊர் அது. 44 ஆண்டுகள் அங்கு நடந்துவந்த ஒரு மளிகைக் கடை ஊருக்குப் போதுமானதாக இருந்தது. 2014ஆம் ஆண்டு வால்மார்ட் நிறுவனம் தனது சிறிய வகைக் கடை ஒன்றை அங்கே திறந்தது. விலை குறைவு, மக்கள் சென்றனர். பழைய கடை தாக்குப்பிடிக்க முடியாமல் 2015 அக்டோபரில் மூடிற்று. மூன்று மாதங்கள் கழிந்தன. 2016 ஜனவரியில், உலகெங்கும் 269 கடைகளை மூடப் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அச்சிறிய வகைக் கடைகள் 102ம் அதில் அடங்கின. ஓரியண்டல் கடையும் அவற்றுள் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்குள் ஊருக்குப் புதிய கடையும் இல்லை, பழைய கடையும் இல்லை என்றாயிற்று.

இதில் எவர் செய்தது குற்றம்? நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. மக்கள் திருடவில்லை, குறைந்த விலைக்கு வாங்கினார்கள், அவ்வளவே. ஒவ்வொருவர் செய்ததும் நியாயமாகத் தோன்ற, ஊர் கூடிச் செய்தது மட்டும் ஊருக்கே கேடாக முடிந்தது. உள்ளூர்க் கடைக்காரருக்கு ஊரை விட்டு வேறு போக்கிடம் இல்லை. தொலைநகரில் அமர்ந்து கணக்குப் பார்ப்போருக்கோ அவ்வூர் பேரேட்டில் ஒரு வரி மட்டுமே. நட்டம் காட்டும் வரியை அவர்கள் அடித்துவிடுவார்கள்.

மலிவு என்ற பெயரே சில வேளைகளில் ஏமாற்றும். 1955ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் ஒரு டாலர் விலைக் கடையாகத் தொடங்கிய டாலர் ஜெனரல் நிறுவனத்துக்கு இன்று 20,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்களில் இருப்பவை. இத்தகைய கடைகளில் பல பொருள்கள் சிறு பொட்டலமாக விற்கப்படுகின்றன. கையிலிருந்து போகும் காசு குறைவு. எடைக்கு எடை பார்த்தால் விலை கூடுதல். நம் ஊர்க் கணக்கில் சொல்வோம். ஒரு கடையில் அரைக் கிலோ 50 ரூபாய். மற்றொரு கடையில் பளபளப்பான பையில் 400 கிராம் 45 ரூபாய். ஐந்து ரூபாய் மிச்சம் என்று எண்ணி எடுத்து வருகிறோம். முன்னது கிலோ 100 ரூபாய். பின்னது 112 ரூபாய் 50 காசு!

ரொக்கம் அங்கே, கடன் இங்கே

இனி நம் ஊருக்கு வருவோம். அந்நிய நிறுவனங்கள் பல சரக்குச் சில்லறைக் கடைகளில் 51 விழுக்காடு வரை முதலீடு செய்யலாம் என்று 2012ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் அனுமதி அளித்தது. மாநில அரசின் இசைவு வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தமிழ்நாடு அரசாங்கம் அப்போதே இசைவளிக்க மறுத்துவிட்டது. அதனால் அபாயம் நீங்கியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டோம். ஆனால், அந்த நிபந்தனைகள் இந்திய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. அவற்றின் பெரிய அங்காடிகள் தாலுகாத் தலைநகர்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கைப்பேசியின் வழியாகப் பொருள் வாங்கும் பழக்கம் கிராமத்து வாசற்படிக்கே வந்துவிட்டது.

சட்டம் நம்மை முற்றிலும் காக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. கைத்தறிக்குச் சில துணி வகைகளை ஒதுக்கி வைக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. இப்போது நிற்பவை 11. அந்தப் பதினொன்றிலும் போலிச் சரக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை நம் அங்கத்தினருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போலியை நெய்பவர் மீது வழக்குத் தொடுக்கலாம். அதை விரும்பி வாங்குவோரை எந்தச் சட்டமும் தடுக்காது.

இந்நிலையில் நாம் கண்கூடாகக் காணும் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கையில் கூலிப் பணமோ, கரும்புப் பணமோ வந்ததும், குடும்பத்துடன் பேருந்து ஏறிப் பெரிய அங்காடிக்குச் சென்று ரொக்கம் கொடுத்துப் பை நிறைய வாங்குகிறோம். பணம் தீர்ந்த பின், மாதத்தின் இருபதாம் நாள், தெருமுனைக் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கால் கிலோ பருப்பு வாங்குகிறோம். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டுவதும் அவர் கதவைத்தான். மழைக் காலத்தில் தறிக் குழியில் நீர் ஊறித் தொழில் முடங்கும்போது நமக்கு அரிசி கொடுத்தவரும் அவரே. ரொக்கமெல்லாம் அங்கே, கடனெல்லாம் இங்கே என்றால், அக்கடை எத்தனை நாள் நிற்கும்? கடன் கேட்க மட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு, இலாபம் கொடுக்க வேறொருவரைத் தேடிப் போவது நியாயமாகுமா? விலையைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் முன்பாக, இந்த ஒரு செயலில் நாம் தவறு செய்கிறோம் என்றே கருதுகிறோம்.

யாருக்கு எவ்வளவு கடமை

அப்படியாயின் பெரிய அங்காடிக்குச் செல்லவே கூடாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. கடமை என்பது சக்திக்கு ஏற்ப அமைவது. அன்றாடக் கூலியில் அடுப்பெரிக்கும் குடும்பம் எங்கே மலிவோ அங்கே வாங்கட்டும்; அவர்களைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. மாதச் சம்பளமும் நிலமும் வைத்திருப்போர், சங்க நிர்வாகத்தில் இருப்போர், பத்திரிகையில் கட்டுரை எழுதுவோர் ஆகிய நம் போன்றோருக்கே கடமை அதிகம். பத்து ரூபாய் நமக்கு ஒரு வேளைப் பால் அன்று, ஒரு பொழுதுபோக்கு.

பொருளையும் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியும் சலவைத் தூளும் எந்தக் கடையில் வாங்கினாலும் ஏதோ ஓர் ஊர்த் தொழிற்சாலைச் சரக்குத்தான். அவற்றில் நமது மனச்சாட்சி அதிகம் உறுத்த வேண்டியதில்லை. ஆனால் துணி, அரிசி, எண்ணெய், காய்கறி ஆகியவை நம்முள் ஒருவர் நெய்வதும் விளைவிப்பதுமாகும். நமது நூலுக்கும் நெல்லுக்கும் நியாய விலை கேட்டு ஊர்வலம் போகும் நாம், பக்கத்து வீட்டாரின் உழைப்பை வாங்கும்போது மட்டும் ‘எது குறைந்த விலை?’ என்று ஒரே கேள்வி கேட்பது எப்படிப் பொருந்தும்? விற்கும்போது ஒரு நியாயம், வாங்கும்போது ஒரு நியாயமா?

‘நான் ஒருவன் வாங்காவிட்டால் அந்த அங்காடி மூடிவிடுமா?’ என்று சிலர் கேட்பர். மூடாது; மூடவேண்டும் என்பதும் நமது நோக்கமன்று. அதன் விற்பனையில் நம் பத்து ரூபாய் துரும்பு. தெருமுனைக் கடையின் நாள் வருமானத்தில் அது தூண். நம்முடைய சிறு தொகைக்கு எங்கே மதிப்பு அதிகமோ அங்கே அதனைச் செலுத்துவதே விவேகம்.

‘அங்கே வேலை செய்வோரும் நம் பிள்ளைகள்தாமே?’ என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். உண்மை. நமது அங்கத்தினரின் பெண்கள் பலர் சீருடை அணிந்து அங்கே நிற்கின்றனர். தறியை விட்டு அவர்கள் ஏன் சென்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே, அங்கே செல்லும்போது விலைச் சீட்டை மட்டும் பாராமல் அவர்களையும் பார்ப்போம். கடை ஊழியருக்கு அமர இருக்கை தரவேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இருக்கை இருக்கிறதா, அதில் அமர அவர்களை விடுகிறார்களா என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அக்கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் ஒரு நாற்காலி வரும்.

நமது வீட்டையும் பெருக்குவோம்

அங்கத்தினருக்கு இவ்வளவு சொன்ன பின், சங்கத்துக்கும் சில சொல்ல வேண்டும். சங்கக் கடைக்கு வாருங்கள் என்று அழைக்கிறோம். வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. திறந்திருந்தால் கேட்ட நிறம் இல்லை. இருந்தால் மடிப்பைப் பிரித்துக் காட்ட ஊழியருக்கு மனமில்லை. பண்டகசாலையில் ஒரு நாள் சர்க்கரை உண்டு, மறுநாள் இல்லை. அன்பின் பெயரால் மட்டும் எவரையும் நெடுநாள் வாடிக்கையாளராக வைத்திருக்க முடியாது. ராச்டேல் நெசவாளர்கள் சரியான எடையும் நல்ல சரக்கும் கொடுத்தார்கள். ஆகவேதான் அவர்களது பங்காதாயத்துக்கு மதிப்பிருந்தது. மலிவின் முதல் வழியான திறமையைப் பெரிய அங்காடியினிடமிருந்து நாம் கற்றாக வேண்டும்.

தள்ளுபடி விற்பனை நாமும் செய்கிறோமே என்று கேட்கலாம். செய்கிறோம். கைத்தறிக்கு அரசாங்கம் தரும் தள்ளுபடி மானியத்தால் வாங்குவோருக்கு விலை குறைகிறது. அதற்காக நெசவாளியின் கூலியைக் குறைப்பதில்லை. யார் தாங்குவது என்பது வெளிப்படையாகத் தெரியும் தள்ளுபடி அது. எனினும், மானியத்தையே நம்பி வடிவத்தையும் நிறத்தையும் மாற்றாமல் உட்கார்ந்திருப்பதும் ஒருவகைச் சோம்பலே.

இப்பத்திரிகையைப் படிப்போருள் பாதிப்பேர் நெசவாளர், பாதிப்பேர் விவசாயிகள். நெசவாளிக்கு அரிசியும் கடலை எண்ணெயும் வேண்டும்; விவசாயிக்கு வேட்டியும் துண்டும் போர்வையும் வேண்டும். இருவருக்கும் சங்கம் உண்டு. இருந்தும், நெசவாளி தன் அரிசியையும் விவசாயி தன் வேட்டியையும் வாங்கப் பெரிய அங்காடியின் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கின்றனர்! 1999ஆம் ஆண்டு மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, விளைவிப்பவரும் உண்பவரும் நேருக்கு நேர் நின்று வாங்கவும் விற்கவும் முடியும் என்பது கண்கூடாயிற்று. அறுவடைக்குப் பின்னும் பண்டிகைக்கு முன்னும், ஆண்டுக்கு இரண்டு முறையேனும், நம் இரு சங்கங்களும் ஒரே கூரையின்கீழ் அங்கத்தினருக்காக ஒரு சந்தை கூட்டினால் என்ன? வண்டிச் சத்தமும் தரகும் மிஞ்சும். அந்த மிச்சமே நமது தள்ளுபடி.

இனி, அந்த நெசவாளியின் வினாவுக்கு வருவோம். தான் நெய்யும் சேலையைத் தன் மகளுக்கு வாங்க முடியாத ஒருவரிடம், நீ ஏன் போலிச் சேலை வாங்கினாய் என்று கேட்க நமக்கு நாக் கூசவேண்டும். முதற் குற்றம் அவருடையதன்று. ஆகவே நமது யோசனை இது. அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் வீட்டு விசேஷத்துக்கு, ஆண்டுக்கு ஒரு சேலையை நூல் விலைக்கும் கூலிக்கும் மட்டுமே பெறலாம் என்று சங்கம் தீர்மானம் செய்யட்டும். சங்கத்தின் நிர்வாகச் செலவையும் இலாபத்தையும் அந்த ஒரு சேலையின் மீது ஏற்ற வேண்டாம். தொகையை மாதத் தவணையில் கூலியில் பிடித்துக்கொள்ளலாம். இதனால் சங்கத்துக்குச் சிறிது வருமானம் குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன் கைப்பொருளைத் தன் வீட்டில் காணாத நெசவாளி, அப்பொருளின் பெருமையைப் பிறரிடம் எப்படிச் சொல்வார்?

அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். அங்கத்தினர்கள் தவறாது வந்து, ஏற்றோ மறுத்தோ தம் கருத்தைச் சொல்ல வேண்டுகிறோம். அதுவரையில், வரும் மாதத்துக் கூலி கைக்கு வந்ததும், பேருந்து ஏறுமுன் தெருமுனைக் கடைக்குச் சென்று பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவோம். நாமும் அக்கடையில் 640 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறோம்.